சுழியோடியின் வளிக்கலமும் அதனை நிரப்பும் முறைகளும்

ஈழத்தின் வடபாற் கடல் பண்டுதொட்டுச் சுழியோடிகளின் தொழிற்களமாய் விளங்கி வந்துள்ளது. மன்னார்க் குடாவில் முத்தும், யாழ்ப்பாணக் குடாநாட்டைச் சூழ்ந்த ஆழங்குறைந்த கடலிற் சங்கும் எடுக்கப்பட்டன. சிலாபத்துறையிலும் மரிச்சுக்கட்டியிலும் முத்துக்குளிப்பு நடைபெற்ற காலங்களிற் குளிகாரன் கயிற்றிற் கட்டிய கல்லின்மேற் கால் வைத்து, 5 முதல் 10 பாகம் வரையுள்ள ஆழத்துக்கு இறங்கி, ஏறக்குறைய ஒரு நிமிடத்துள் அகப்பட்ட சிப்பிகளைத் திரட்டிக்கொண்டு மீள்வான். அவன் தன்னுடன் கொண்டு சென்ற வளி அவனது நுரையீரலுள் அடங்கிய அளவேயாம். மேலே தோணியிலிருந்து கயிற்றைப் பிடிப்பவன் அவனுடைய மைத்துனனாய் இருத்தல் வேண்டும் என்றொரு பேச்சுக் குளிகாரரிடையே வழங்கியது. தன் உடன்பிறந்தாளின் தாலி அக்கயிற்றிலே தங்கியிருக்கின்றது என்பதை மறவாதவனே விழிப்போடு கயிறு பிடிப்பான் என்பது அதன் கருத்து.

இன்று அக்கல்லும் கயிறும் பெரும்பாலும் மறைந்துவிட்டன. வடகடலிற் கடலட்டை எடுப்போர் பலர் முதுகில் வளிக்கலத்தைச் சுமந்தே இறங்குகின்றனர். கடலட்டை இந்நாட்டார் விரும்பியுண்ணும் பொருளன்று. அவித்து உலர்த்தப்பெற்றுச் சீனமக்கள் வாழும் தேயங்களுக்கு ஏற்றுமதியாவது. கரையோரத்தில் அது அருகிப்போகவே ஆழங்களை நாடிச் செல்லும் தேவை ஏற்பட்டது. அத்தேவையை நிறைவேற்றும் கருவி, பிரெஞ்சு நாட்டவரான யாக் கூசுத்தோ என்னும் கடற்படை அதிகாரியும் எமில் கஞ்ஞான் என்னும் பொறியியலறிஞரும் 1943ஆம் ஆண்டில் உருவாக்கிய சுவாசக் கருவியின் வழிவந்ததாகும். கலத்திலே செறிந்திருக்கும் வளியைச் சுழியோடி நிற்கும் ஆழத்தின் அமுக்கத்துக்கு இணையாகக் குறைத்து, அவன் மூச்சை உள்ளிழுக்கும்போது மாத்திரம் வழங்குதலே அதன் தனிச்சிறப்பு. இக்கருவியின் துணையோடு ஆதர் சி. கிளாக், மைக் வில்சன் என்போர் 1956ஆம் ஆண்டளவில் திருகோணமலைக் கடலில் இறங்கி, 17ஆம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் இடித்தழித்த திருக்கோணேசுவர ஆலயத்தின் தூண்களும் கற்களும் சுவாமிமலையின் அடியிற் கிடப்பதைக் கண்டனர் என்பதைச் சைவ உலகம் நன்கறியும்.

கடலடியில் நிகழ்வனவற்றைப் பற்றிப் பலரும் பேசுவர். கரையிலே கலம் நிரப்பப்படும் முறையைப் பற்றிப் பேசுவார் சிலரே. ஆயினும், சுழியோடியின் உயிருக்கு முதற் காவல் அங்கேதான் இடப்படுகின்றது. நிரப்பிய கலத்திற் பொருத்தப்படும் அமுக்கமானி ஒரு செய்தியை மட்டுமே கூறும். அக்கணத்திலே உள்ளிருக்கும் அமுக்கம் எவ்வளவு என்பதே அது. அவ்வளி எத்துணை வெம்மையானது என்பதையோ, எத்துணைத் தூயது என்பதையோ அது கூறுவதில்லை. நிரப்பும் முறைகள் யாவும் மானி கூறாத இவ்விரண்டையும் காத்தற்பொருட்டே எழுந்தன என்று கூறின் மிகையாகாது.

கலமும் அதன் கொள்ளளவும்

சுழியோடிகளிடம் மிகுதியும் வழங்குவது அலுமினியக் கலம். அதன் உள்ளகக் கனவளவு ஏறக்குறைய 11 இலீற்றர். குடிநீர்க் குடமொன்றினும் பெரிதன்று. அதனுள் 207 பார் அமுக்கத்தில், அஃதாவது சதுர அங்குலத்துக்கு 3,000 இறாத்தல் என்னும் அளவில், வளி அடைக்கப்படுகின்றது. இறொபேட்டு போயில் 1662ஆம் ஆண்டில் வெளியிட்ட விதி, வெப்பநிலை மாறாதிருக்கும்போது வாயுவின் கனவளவு அமுக்கத்துக்கு நேர்மாறு விகிதசமம் ஆகும் என்பது. அவ்விதியை ஒட்டி நோக்கின், திறந்த வெளியில் ஏறத்தாழ 2,200 இலீற்றர் இடத்தை நிரப்பும் வளி அச்சிறு கலத்துள் ஒடுங்கியிருப்பது புலனாகும். வளிக்கும் நிறை உண்டு. நிரம்பிய கலம் வெறுங்கலத்தினும் ஏறக்குறைய இரண்டரைக் கிலோகிராம் கூடுதலாக நிற்கும்.

கரையிலே நிமிடத்துக்கு 20 இலீற்றர் வளியை உட்கொள்வான் ஒருவனுக்கு 2,200 இலீற்றர் 110 நிமிடத்துக்குப் போதுமானது. ஆயின், கடலில் ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகின்றது. 20 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் மூன்று வளிமண்டலமாதலின், அவன் ஒவ்வொரு மூச்சிலும் மும்மடங்கு வளியைச் செலவிடுவான். ஆகவே அதே கலம் அங்கே 36 நிமிடத்துக்கே போதும். மேலெழுதற்கென ஒதுக்கவேண்டியதைக் கழிப்பின் எஞ்சுவது இன்னும் குறைவு. கலத்திற் பத்திலொரு பங்கு குறைந்து நிரம்பினும் அதன் பொருள் யாதென்பதை இக்கணக்குத் தெளிவாக்கும்.

இவ்விடத்தில் ஒரு பிழையான வழக்கையும் நீக்குதல் தகும். பத்திரிகைகளும் பொதுமக்களும் இக்கலத்தை ‘ஒட்சிசன் சிலிண்டர்’ எனக் குறிப்பிடுகின்றனர். அதனுள் இருப்பது தூய ஒட்சிசன் அன்று. 78 வீதம் நைதரசனும் 21 வீதம் ஒட்சிசனும் கலந்த சாதாரண வளியே. மிகுந்த அமுக்கத்தில் ஒட்சிசன் நஞ்சாகும் என்பதைப் பிரெஞ்சு உடற்றொழிலியலறிஞர் போல் பேர் 1878ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். தூய ஒட்சிசனைச் சுவாசித்தபடி ஏறத்தாழ 6 மீற்றருக்குக் கீழே செல்வோன் வலிப்புற்று இறத்தல் கூடும்.

வளியை அமுக்கும் பொறி

துவிச்சக்கரவண்டிச் சில்லுக்கும் மோட்டார் வண்டிச் சில்லுக்கும் காற்றடிக்கும் கடைகளில் உள்ள பொறி, ஏறக்குறைய 10 பார் அளவுக்கே வளியை அமுக்க வல்லது. அதனாற் சுழியோடியின் கலத்தை நிரப்புதல் இயலாது. வளியை ஒரேயடியாக இருநூறு மடங்கு அமுக்க முற்படின் பொறி தாங்கவொண்ணாத வெப்பம் பிறக்கும். எனவே, மக்கள் வழக்கிற் கொம்பிறசர் எனப்படும் வளியமுக்கி, மூன்று அல்லது நான்கு படிகளில் அத்தொழிலைச் செய்கின்றது. முதற்படியில் ஆறு பார், இரண்டாம் படியில் முப்பத்தாறு, மூன்றாம் படியில் இருநூற்றுக்குச் சற்று மேல் என அமுக்கம் பெருகிச் செல்லும். படிக்குப் படி உருளையின் பருமன் சிறுத்துக்கொண்டு போகும். ஒவ்வொரு படியின் பின்னும் வளி நீண்ட சுருட்குழாயினூடாகச் சென்று குளிர்கின்றது.

வளி குளிருங்கால் அதனுள்ளிருந்த நீராவி ஒடுங்கி நீராகின்றது. கடற்காற்று ஈரம் மிக்கதாதலின் குடாநாட்டுக் கரைகளில் இந்நீர் மிகுதியாகச் சேரும். பொறியை இயக்குவோன் இடையிடையே வடிவால்வைத் திறந்து இதனை வெளியேற்றுதல் வேண்டும். பின்னர் வளி வடிகலத்துட் புகும். அங்கே மூலக்கூற்றுச் சல்லடை எனப்படும் பொருள் எஞ்சிய ஈரத்தைக் கவரும்; ஏவப்பட்ட கரி எண்ணெய் ஆவியையும் நாற்றத்தையும் நீக்கும்; மங்கனீசு, செம்பு என்பவற்றின் ஒட்சைட்டுக்களாலாய ஊக்கி, நஞ்சாகிய காபனோரொட்சைட்டைத் தீங்கு குறைந்த காபனீரொட்சைட்டாக மாற்றும். ஈரம் புகுந்தால் இவ்வூக்கி செயலிழந்துவிடும். ஆகையால் வெம்மையும் ஈரமும் மிக்க இந்நாட்டில் வடிபொருளைக் குளிர்நாடுகளிற்போல நெடுங்காலம் வைத்திருத்தலாகாது.

முதலாம் முறை: நேரே நிரப்புதல்

அமுக்கியிலிருந்து வரும் குழாயைக் கலத்தோடு நேரே பொருத்தி நிரப்புதல் எளிய முறை. மீன்பிடித் துறைகளிலும் சிறு நிலையங்களிலும் இதுவே ஏற்றது. நிரப்புவோன் முதலிற் கலத்தின் தோளிற் பொறித்துள்ள தொழிற்படும் அமுக்கத்தையும் இறுதியாகச் சோதிக்கப்பட்ட நாளையும் பார்க்கின்றான். அடுத்து, வால்வைச் சிறிது திறந்து அதன் வாயிலுள்ள உப்புநீர்த் துளிகளை ஊதி வெளியேற்றுகின்றான். பின்னரே குழாயைப் பூட்டிக் கலத்தின் வால்வை மெதுவாகத் திறக்கின்றான். நிரம்பியதும் இரு வால்வுகளையும் மூடி, இடையே குழாயுள் அடைபட்ட வளியைக் கழித்த பின்னரே குழாயைக் கழற்றல் வேண்டும். கழிக்காது கழற்ற முயலின் குழாய் சாட்டைபோல் வீசித் தாக்கும்.

இம்முறையின் குறை காலதாமதம். நிமிடத்துக்கு 100 இலீற்றர் தரும் சிறிய பொறி வெறுங்கலமொன்றை நிரப்ப ஏறக்குறைய 22 நிமிடம் எடுக்கும். ஒரு படகுக்கு எட்டுக் கலம் வேண்டுமாயின் மூன்று மணித்தியாலம் கழியும். கடலிலோ காற்றும் நீரோட்டமும் எவருக்கும் காத்திருப்பதில்லை. இந்தத் தாமதமே அவசரத்துக்கும், அவசரமே பிழைக்கும் வழிகோலுகின்றது.

இரண்டாம் முறை: படிமுறையாக நிரப்புதல்

உல்லாசப் பயணிகளுக்குச் சுழியோடக் கற்பிக்கும் நிலையங்கள் திருகோணமலையின் நிலாவெளியிலும் தென்கரையின் உனவட்டுனா, இக்கடுவை முதலிய இடங்களிலும் உள்ளன. இத்தகைய நிலையங்களுக்கு உகந்தது சேமக்கலங்களிலிருந்து நிரப்பும் முறை. பெரிய உருக்குக் கலங்கள் சிலவற்றில் ஓய்வு நேரத்தில் மிகுந்த அமுக்கத்தில் வளியைச் சேர்த்து வைத்துக்கொள்வர். சுழியோடியின் கலத்தை அவற்றோடு இணைத்தவுடன் இரண்டின் அமுக்கமும் சமமாகும்வரை வளி தானே பாயும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. 50 இலீற்றர் கொள்ளும் சேமக்கலங்கள் மூன்று, முறையே 150, 200, 250 பார் அமுக்கத்தில் உள்ளன எனவும், சுழியோடியின் 11 இலீற்றர்க் கலத்தில் 50 பார் எஞ்சியுள்ளது எனவும் கொள்க. முதலிலேயே 250 பார்க் கலத்தைத் திறந்தால், சிறுகலம் ஒரே முறையில் 207 பாரை எட்டிவிடும்; ஆனாற் சேமக்கலம் ஏறக்குறைய 215 பாருக்கு இறங்கிவிடும். அடுத்து வரும் கலத்தை அச்சேமக்கலம் 185 பாருக்கு மேல் நிரப்பமாட்டாது. மாறாக, அமுக்கங் குறைந்ததை முதலில் திறப்பின் சிறுகலம் 132 பாரை அடையும். இரண்டாவதைத் திறக்க 188 பாரை அடையும். எஞ்சிய 19 பாரை மட்டும் மூன்றாவது தரும். இவ்வாறு செய்யும்போது மூன்றாவது சேமக்கலம் நாலைந்து பாரையே இழக்கின்றது. முதற்கலத்துக்குச் செலவாகும் வளி இரு வழியிலும் ஒன்றே. வேறுபாடு யாதெனில், இரண்டாம் வழியில் மிகுந்த அமுக்கமுடைய வளி பின்வரும் கலங்களுக்காகக் காக்கப்படுகின்றது. சில்லறைக் காசு போதும் இடத்திற் பெருந்தாளை மாற்றாத இல்லத்தரசியின் சிக்கனம் இதுவேயாம்.

இம்முறை விரைவானது, பொறியின் இரைச்சலின்றி நிகழ்வது. ஆயின் விரைவே இதன் குற்றமுமாகும். அக்குற்றம் வெப்பமாய் வெளிப்படுகின்றது.

மானி கூறாத முதலாவது: வெப்பம்

துவிச்சக்கரவண்டிக்குக் காற்றடித்தவர் எவரும் பம்பின் அடிப்பகுதி சுடுவதை அறிவர். கலத்தை விரைந்து நிரப்பும்போதும் அதனுள் வளி அவ்வாறே சூடேறுகின்றது. நிரப்பி முடிந்த வேளையில் உள்வளி 60 பாகை செல்சியசில் இருந்து மானி 207 பார் காட்டுவதாகக் கொள்க. கலம் 28 பாகைக்குக் குளிர்ந்ததும், அமுக்கம் தனிவெப்பநிலைக்கு நேர்விகிதசமமாதலின், 187 பாருக்கு வீழ்ந்துவிடும். வளி எங்கும் ஒழுகிவிடவில்லை. அது முன்னரே அவ்வளவுதான் இருந்தது. பத்திலொரு பங்கு குறைந்த கலத்தையே சுழியோடி கொண்டு செல்கின்றான்.

இதற்கு இருவகைப் பரிகாரங்கள் கையாளப்படுகின்றன. ஒன்று, குறிக்கப்பட்ட அளவுக்கு மேலாக நிரப்பிவிடுதல். இது கலத்தின் உலோகத்தை நாளுக்குநாள் வருத்துவதாதலின் தவிர்க்கற்பாலது. மற்றொன்று, கலத்தை நீர்த்தொட்டியில் அமிழ்த்தி நிரப்புதல். நீர் வெப்பத்தை ஓரளவு கவர்கின்றது என்பது மெய்யே. ஆயினும் வால்வின் வாயில் நீர்த்துளி தங்குமாயின் அமுக்கம் அதனைக் கலத்தினுள் உந்திவிடும். உருக்குக் கலம் உள்ளே துருப்பிடிக்கத் தொடங்கும். அன்றியும், கலம் வெடிக்குமாயின் தொட்டிநீர் அதனைத் தடுக்கும் என எண்ணுதல் பேதைமை. நிமிடத்துக்கு 20 முதல் 40 பாருக்கு மேற்படாது மெல்ல நிரப்பி, ஆறவிட்டு, மீண்டும் மானி பார்த்துக் குறையை நிறைத்தலே செவ்விய முறை. பொறுமையினும் சிறந்த குளிரூட்டி வேறில்லை. நிரப்பிய கலத்தைக் கடற்கரை வெயிலிற் கிடத்தாது நிழலில் வைத்தலும் இதனோடு சேர்ந்த கடமையாகும்.

மானி கூறாத இரண்டாவது: தூய்மை

நஞ்சு கலந்த வளிக்கும் தூய வளிக்கும் மானியின் முள் வேறுபாடு காட்டாது. நஞ்சுகளுட் கொடியது காபனோரொட்சைட்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினோடு அது ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேற்பட்ட ஆர்வத்தோடு பிணைந்து, ஒட்சிசன் ஏறவேண்டிய இடத்தை அடைத்துக்கொள்ளும். கரையிலே தாங்கத்தக்க சிற்றளவும் ஆழத்திற் பெருகிவிடும். 30 மீற்றர் ஆழத்தில் அதன் பகுதியமுக்கம் நான்கு மடங்காகின்றது. அங்கே ஒட்சிசனின் பகுதியமுக்கமும் மிகுதலால் ஓரளவு தாக்குப்பிடிப்பவன், மேலெழும்போது அவ்வுதவி குறைய, நீர்மட்டத்தை அணுகுங்கால் உணர்விழத்தல் கூடும். இதனாலேயே ஐரோப்பிய நியமம் சுவாசிக்கும் வளியில் மில்லியனில் 5 பங்குக்கு மேல் இந்நஞ்சு இருத்தலாகாது என விதிக்கின்றது.

இது கலத்துட் புகும் வழிகள் இரண்டு. பெற்றோல் அல்லது டீசல் இயந்திரத்தால் இயங்கும் அமுக்கியில், அவ்வியந்திரத்தின் புகையே வளி உள்ளிழுக்கும் குழாயை அடைதல் ஒன்று. பொறி அளவுக்கு மேற் சூடேறி அதன் எண்ணெய் உள்ளே கருகுதல் மற்றொன்று. இரண்டாவதில் எண்ணெய் நாற்றமாவது எச்சரிக்கும். முதலாவதில் அவ்வெச்சரிக்கையும் இல்லாதிருத்தல் கூடும்.

உள்ளிழுக்கும் குழாயை உயர்த்திக் காற்று வரும் திசையில் வைக்கவேண்டும் என்பது எல்லா நாட்டுக்கும் பொதுவான விதி. குடாநாட்டில் இவ்விதிக்குத் தனிப்பொருள் உண்டு. இங்கே காற்று ஆண்டு முழுதும் ஒரு திசையினின்று வீசுவதன்று. சோளகம் தென்மேற்கிலிருந்தும் வாடை வடகிழக்கிலிருந்தும் மாறி வீசுகின்றன. சோளகக் காலத்திற் புகைக்கு அப்பால் நின்ற குழாய், வாடைக் காலத்திற் புகையின் பாதையிலேயே நிற்கும். பொறியை இடம்மாற்றாது ஒரு கொட்டிலில் நிலைநிறுத்தியோர் பருவத்துக்குப் பருவம் குழாயின் திசையை மாற்றுதல் இன்றியமையாதது. காற்றின் பெயர்களை எல்லாம் அறிந்த கடற்றொழிலாளர்க்கு இது புதிதாகக் கற்பிக்க வேண்டிய பாடமன்று. பாய் விரித்தற்கு ஓர்ந்த காற்றைப் பொறி நிறுத்தற்கும் ஓர்தலே வேண்டுவது. மின்னால் இயங்கும் அமுக்கியில் இவ்வச்சம் பெரிதும் குறையும். எனினும் அயலில் நிற்கும் வண்டியின் புகையையும் அடுப்புப் புகையையும் அங்கும் விலக்குதல் வேண்டும்.

கலவை வளி

வளியில் ஒட்சிசனின் வீதத்தை 32 ஆக உயர்த்தி நிரப்பும் வழக்கமும் பிறநாடுகளிற் பரவியுள்ளது. நைதரசன் குறைதலால் உடலில் அது ஊறும் அளவும் குறைகின்றது. 200 பாருக்கு நிரப்புவதாயின், வெறுங்கலத்தில் முதலில் ஏறக்குறைய 28 பார் ஒட்சிசனை இட்டு, மிகுதியைத் தூய வளியால் நிறைப்பர். அமுக்கப்பட்ட ஒட்சிசன் எண்ணெயைத் தொடுமாயின் தீப்பற்றுமாதலால் இது பயிற்சி பெற்றோர்க்கே உரியது. அக்கலவையைச் சுழியோடி தானே அளந்து பார்த்த பின்னரே ஏற்றல் வேண்டும் என்பது அங்குள்ள உறுதியான மரபு. சாதாரண வளியை நிரப்பும் இடங்களிலும் அம்மரபு வேரூன்றுமாயின் நன்று.

கலத்தின் உடல்நலம்

நிரம்பிய அலுமினியக் கலத்துள் அடங்கிய சத்தி, 1,000 கிலோகிராம் நிறையுள்ள மோட்டார் வண்டி மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுங்கால் கொண்டிருக்கும் சத்திக்குக் குறைந்ததன்று. எனவே பல நாடுகளில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை கலத்தை நீரால் நிரப்பி, தொழிற்படும் அமுக்கத்தின் ஒன்றரை மடங்கு அளவிலோ அதற்கு மேலோ சோதிப்பர். ஆண்டுதோறும் வால்வைக் கழற்றி உட்புறத்தை விளக்கொளியிற் பார்ப்பர். நீரை நெருக்குதல் அரிதாதலின் சோதனையிற் கலம் பிளப்பினும் வளிபோல் அது வெடித்துச் சிதறாது. பழைய அலுமினியக் கலங்கள் சில, 6351 என்னும் கலப்புலோகத்தால் ஆனவை, கழுத்தில் மெல்ல வெடிப்புக் காண்பன என அறியப்பட்டன. பழங்கலம் மலிவாய்க் கிடைக்கின்றதென்று வாங்குவோர் இதனை நினைவிற் கொள்ளுதல் தகும்.

முடிவுரை

இக்கேடுகளை அறிய அருங்கல்வி வேண்டுவதன்று. போயிலின் விதியையும் அமுக்க விதியையும் பாடசாலையிற் கற்ற மாணவன் எவனும் இவற்றைக் கணக்கிட்டுக் காட்டவல்லன். வகுப்பறையிற் பரீட்சைக்கென மனனஞ் செய்யப்படும் இவ்விதிகளே, பத்துக் கல் தொலைவிலுள்ள துறையில் ஒருவன் மீள்வதையும் மீளாததையும் தீர்மானிக்கின்றன. கற்றவர் அறிவு கடற்கரையை எட்டுவதில்லை. கடற்கரையின் பட்டறிவு பாடநூலில் ஏறுவதில்லை. இவ்விடைவெளி குறைதல் வேண்டும். நிரப்பிய நாள், நேரம், ஆறிய பின் கண்ட அமுக்கம், வடிபொருள் மாற்றிய நாள் ஆகியவற்றைக் கொப்பியொன்றிற் குறித்து வைத்தலும், காபனோரொட்சைட்டை அளக்கும் சிறு கருவியொன்றைத் துறைதோறும் வைத்தலும் பெருஞ் செலவுக்குரியன அல்ல.

பண்டைக் குளிகாரன் தன் உயிரை மைத்துனன் பிடித்த கயிற்றில் ஒப்படைத்தான். கயிறு கண்ணுக்குத் தெரிந்தது. அதனைப் பிடித்த கையும் தெரிந்தது. இக்காலச் சுழியோடியின் கயிறு கண்ணுக்குத் தெரியாத வளியாய்க் கலத்துள் அடைபட்டுக் கிடக்கின்றது. அதனைப் பிடித்திருப்பவன் கரையிலே பொறியின் அருகில் நிற்கும் நிரப்புவோனே. அவன் சுழியோடிக்கு உறவினன் அல்லாதிருக்கலாம். ஆயினும் மைத்துனனுக்குரிய கடமை அவனுக்கே உரியதாயிற்று.